எங்க வீடு எங்க மாமா?

பள்ளிக்கூடச் சுவரில் இந்தியா தொங்குகிறது. எங்கள் தெருவின் மூணாங் கிளாஸ் பிள்ளைக்குக் கங்கை தெரியும், தன் வீடு தெரியாது. பேங்க் லீவு நாட்களில் நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். முதலில் மண்ணில் குச்சியால் வீட்டிலிருந்து தண்ணிக் குழாய்வரை கோடு. பிறகு மொட்டைமாடி, மேலிருந்து பார்த்தால் குடம் வெறும் வட்டம். அதற்கப்புறம்தான் செல்போனில் செயற்கைக்கோள் படம். 2005இல் தேசிய நிலப்படக் கொள்கை வருமுன், பாதுகாப்பு என்று சொல்லி கடலோரத்தின் விரிவான நிலப்படங்களை ஜனங்களுக்குத் தராமல் வைத்திருந்தார்கள்.

துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்தார்கள். அடுத்தது உப்பளம். "எங்கம்மை வேல பாக்க பாத்தி!" என்றாள் ஒருத்தி. எல்லாம் ஒன்றுபோல் கட்டங்கள், எப்படிக் கண்டாளோ! அம்மை நடந்துவரும் வழியிலேயே விரலை நகர்த்தி வீடு சேர்ந்தாள். உடனே கேட்டாள்: "ஊரெல்லாம் ஒட்டிக் கெடக்கு. நம்ம தெரு மட்டும் ஏன் மாமா தள்ளிக் கெடக்கு?"

சின்னஞ்சிறுசுகளிடம் இது எதற்கு என்கிறார்கள் சில தோழர்கள். கண்ணால் கண்டதை மறைத்து என்ன பாடம் நடத்த? பழைய வருவாய்ப் பதிவுகளே ஊர் நத்தம், சேரி நத்தம் என்று பிரித்துத்தானே எழுதின. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அந்த இடைவெளி?

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களே, படத்தைப் பார்த்துத் தெருவை வரையச் சொல்லுங்கள், பெயர்களைப் பிள்ளைகளே எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் குழாய், வேப்பமரம், ஆச்சி கடை என்று எழுதினார்கள். மழையில் முழங்கால் தண்ணி நிற்கும் சுடுகாட்டுப் பாதையையும் எழுதினார்கள். நான் அதை விட்டிருப்பேன்.