உறவுக்கும் முறை என்றுதான் பெயர்

ஏம்பலத்திலிருந்து வில்லியனூர் போகிற வழியில் ஒரு கரும்புக் கொல்லை இருக்கிறது. அதன் மோட்டார் கொட்டகைச் சுவரில் நீல எழுத்தில் ஒரு வாசகம்: "கிறிஸ்தவம் மதமல்ல, அது ஓர் உறவு." இருபது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு போய் வருகிறேன். மழையில் எழுத்து வெளுத்தால் யாரோ வந்து புதிதாக எழுதிவிட்டுப் போகிறார்கள். வாசகம் மட்டும் மாறுவதே இல்லை.

சென்ற கோடையில் ஊருக்கு வெளியே பந்தல் போட்டு மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தினார்கள். பேச வந்தவர் மூன்று இரவும் இந்த ஒரு வாசகத்தைத்தான் விரித்தார். பூசை, ஜெபமாலை, ஒருசந்தி, சுத்தபோசனம், கடன் திருநாள் எல்லாம் மனிதன் போட்ட வேலி என்றார். பாரம்பரியக் கிறிஸ்தவர்கள் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டே செத்துப்போகிறார்கள் என்றார். ஆண்டவரோடு தனிப்பட்ட உறவு வந்துவிட்டால் விதி எதற்கு என்று கேட்டார். கூட்டம் அல்லேலூயா சொன்னது.

ஒலிபெருக்கி எங்கள் திண்ணை வரை எட்டியது. எண்பது வயதான என் அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்தபடி முழுதும் கேட்டாள். கடைசியில் என்னிடம், "அப்படின்னா நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் சாமிகிட்ட போய்ச் சேரலையாடா?" என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சாளர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

உறவு இருக்கும் இடத்தில் விதிக்கு வேலையில்லை என்பது முதல் வாதம். தமிழ் பேசுகிற ஊரில் இது எடுபடவே கூடாது. புதிதாக ஒருவரைப் பார்த்தால், "அவர் உங்களுக்கு என்ன முறை?" என்றுதான் நாம் கேட்கிறோம். மாமன் முறை, அண்ணன் முறை, பங்காளி முறை என்று பதில் வருகிறது. ஒழுங்குக்கும் அதே சொல்தான். முறையாகச் செய்தான், முறை தவறினான் என்கிறோம். உறவையும் விதியையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்த மக்கள், ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்று வாழ்ந்து பார்த்துத்தான் வைத்தார்கள்.

என் அப்பா இறந்த அன்று தாய்மாமன் வந்தார். அரைக்காணி நிலத்தின் வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. ஆனால் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது அவருடைய முறை. காகிதத்தில் சுற்றிய புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் செருப்பை விட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. புடவையை உதறி விரித்து அம்மாவின் தோளில் போர்த்தினார். ஒரு பக்கம் நழுவியது. குனிந்து மறுபடி இழுத்துவிட்டார். அப்போது அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. மனசு கனிந்த பிறகு போகலாம் என்று மாமா காத்திருந்தால் அந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டார். முறை அவரை இழுத்து வந்தது. மனசு பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இயேசு சட்டத்தை ஒழித்துவிட்டார் என்பது இரண்டாவது. மலைப்பொழிவைத் திறந்து படித்தாலே போதும். ஒழிக்க வரவில்லை, நிறைவேற்றத்தான் வந்தேன் என்று அவரே தெளிவாக்கிவிட்டார். கொலை கூடாது என்ற கட்டளையைக் கோபம் வரைக்கும் நீட்டியவர் அவர். ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சீடர்கள் கேட்டபோது, மனம் போனபடி பேசுங்கள் என்று அனுப்பாமல் சொல்லுக்குச் சொல் ஒரு ஜெபத்தைக் கொடுத்தார். இந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

விதி மனிதனை மாற்றாது, உறவுதான் மாற்றும் என்பது மூன்றாவது. இதை என்னால் விட முடியாது. இந்தப் புதுச்சேரி மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்லவே கூடாது.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராக மயார் தெ தூர்னோன் என்ற ஆயர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சேசுசபைக் குருக்களின் மிஷனில் நடப்பவற்றை விசாரித்து, 1704 ஜூன் 23 அன்று 16 பிரிவுகள் கொண்ட ஓர் ஆணையைப் பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்பது போன்றவற்றுக்காகத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் அந்த ஆணையைப் பேசுகின்றன. நான் இரண்டு பிரிவுகளை மட்டும் சொல்கிறேன். மாதவிலக்கான பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் நற்கருணையிலிருந்தும் தள்ளிவைக்கக் கூடாது. நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருவானவர் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும்.

அப்படி ஓர் ஆணை எதற்காகத் தேவைப்பட்டது? குருக்கள் உள்ளே போகவில்லை என்பதால்தான். சாகக்கிடந்தவனைக் குடிசையிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவரச் சொன்னார்கள். குடிசைக்குள் நுழைந்தால் மேல்சாதியார் தங்களைத் தீண்ட மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தக் குருக்களுக்கு ஆண்டவர்மேல் அன்பில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வீட்டையும் நாட்டையும் விட்டு, மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்து, இந்த வெயிலிலேயே செத்துப் புதைந்தவர்கள். தினந்தோறும் தியானத்தில் உட்கார்ந்தவர்கள். ஆண்டவரோடு உறவு அவர்களுக்கு நிறையவே இருந்தது. அந்த உறவு அவர்களை அந்தக் குடிசையின் தாழ்ந்த கூரைக்குள் குனிய வைக்கவில்லை. குனிய வைக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகும் ரோமுக்கு மனு மேல் மனு போட்டு நாற்பது வருடம் இழுத்தார்கள். 1744இல் பதினான்காம் பெனெடிக்ட் பாப்பரசர் இறுதி ஆணை போட்டபோது, பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். அப்படியும் ஒரு குரு அந்த வாசலுக்குள் போயே ஆகவேண்டும் என்றாயிற்று.

அடுத்த வருடம், 1745இல், புதுச்சேரிக் கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். சேரி ஜனங்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, மற்றவர்களை நடத்துவதுபோல எங்களையும் நடத்த வேண்டாமா என்பதுதான் அவர்கள் வழக்கு. சாமியார் சுவரை இடிக்கச் செய்தார். அந்த ஜனங்கள் செய்ததற்குத் தமிழில் முறையிட்டார்கள் என்று பெயர். முறை என்று ஒன்று இருந்தால்தான் முறையிட முடியும். எனக்கும் ஆண்டவருக்கும் இடையில் நடப்பது என் சொந்த விஷயம் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் எதைக் காட்டி நியாயம் கேட்பான்?

தனிப்பட்ட உறவு என்ற பேச்சின் வேரையும் பார்ப்போம். ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்க். சடங்கு போதாது, உள்ளத்தில் மறுபிறப்பு வேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் உயிர். ஆனால் அந்தச் சபையிலும் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அந்த மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைவிட இயேசுவோடு நெருங்கிய உறவில் பாடியவர் தமிழில் யார்? எல்லாச் சபைகளும் இன்றும் அவர் பாட்டைப் பாடி அழுகின்றன. அவர்தான் சபைக்குள் சாதி வழக்கத்தை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்துச் சாதியாசாரத்துக்காக எழுதினார். நெஞ்சு உருகியது, சாதி உருகவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுதாக விட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் திரளானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். உருக்கத்தை வைத்துக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். விதியைத்தான் தாங்க முடியவில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும்படியே கோயிலைக் கட்டினார்கள், சாதிக்கு ஒரு கால். இரண்டையும் பிரித்த சுவர் இடிக்கப்பட்டபோது, அதை மறுபடி கட்டித்தரக் கேட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. விதி வைத்திருக்கும் உங்கள் கோயிலில்தானே இது நடந்தது என்று கேட்பார்கள். ஆம், எங்கள் கோயிலில்தான். வெட்கத்தோடு சொல்கிறேன். நடந்தது விதியை மீறியதால். அது மீறல் என்று விரல் நீட்டிச் சொல்ல, விதி இருப்பதால்தான் முடிகிறது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை எழுத்தில் வெளியிட்டது. அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பங்குச் சாமியார் முன்னாலும் என்னால் நிற்க முடியும். ஒருவருடைய உருக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கேயும் நிற்க முடியாது.

நான்காவது, விதி ஏழைகள் தலையில் சுமை என்றார். என் பாட்டி நடவும் களையும் அறுப்புமாகக் கூலிக்குப் போனவள். அறுப்புக் காலத்தில் ஞாயிறு என்றும் பாராமல் பண்ணையிலிருந்து ஆள் வரும். பாட்டி வாசலுக்கு வந்து, "இன்னிக்குக் கடன் பூசைங்க, தவறினா பாவம்" என்பாள். வந்தவர் திரும்பிப் போவார். உடம்பு முடியவில்லை என்றால் விட்டிருக்க மாட்டார். ஆசையாக இருக்கிறது, சாமியோடு பேசப் போகிறேன் என்றால் சாயங்காலம் பேசிக்கொள் என்றிருப்பார். கடன் என்ற சொல்லுக்குத்தான் அவர் அடங்கினார். ஞாயிறு உடலுழைப்பு கூடாது என்ற கட்டளை, வருடத்தில் 52 நாள் அவளைக் குனியாமல் நிமிர்ந்து நடக்க வைத்தது. வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு பூசைக்கு நடந்து போவாள். அவள் தோளுக்கு அது சுமையாக இருந்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐந்தாவது, மனப்பாட ஜெபம் உதட்டோடு நின்றுவிடும் என்றார். தாலாட்டும் திரும்பத் திரும்ப ஒரே வரிதான். பிள்ளை அதில்தான் தூங்குகிறது.

கடைசியாக, எங்கள் கூட்டத்தில் விதியே இல்லை, ஆவியானவரின் நடத்துதல்தான் என்றார். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் போன ஒரு பெண், ஞானஸ்நானத்துக்கு முன்பே தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றினாள். பூ வைப்பதில்லை. சினிமா இல்லை. கூலியில் பத்தில் ஒன்று தசமபாகம். வயலிலிருந்து வந்த கையோடு, ஆறாத பசியோடு, அந்த ஒன்றை எண்ணித் தனியாக முடிந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கு விதி என்று பெயர் இல்லாமல் வேறென்ன? எழுதிய விதிக்கு ஓர் எல்லை உண்டு, மேல்முறையீடு உண்டு. ஊழியருக்கு நேற்று இரவு வந்த வெளிப்பாட்டை எதிர்த்து அந்தப் பெண் யாரிடம் போய் முறையிடுவாள்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகக் கல்லறைக்குப் போகும். எங்கள் கல்லறையில் வேலி ஓரமாக ஒரு மண்மேடு இருக்கிறது. எங்கிருந்தோ கரும்பு வெட்ட வந்து காய்ச்சலில் இறந்தவர். அவர் பெயர்கூட இப்போது யாருக்கும் நினைவில்லை. மனைவி, மக்கள், பங்காளி என்று ஒருவரும் வந்ததில்லை. உபதேசியார் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வருவார். ஒரு கல்லறையையும் விடக் கூடாது. அந்த மேட்டின் மேலும் தண்ணீர் விழும். உறவென்று யாரும் இல்லாத மனிதனுக்கு வருடம் தவறாமல் வந்து சேர்வது அது ஒன்றுதான்.

அம்மா அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பாட்டி செய்தாள் என்று இவளும் செய்கிறாள். வேறு காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. போன வருடம் காற்றில் திரி நிற்கவில்லை. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, சுடர் பிடிக்கிற வரை ஜெபத்தைச் சொல்லியபடியே குந்தியிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாடா, அப்பாகிட்ட போவலாம்" என்றாள்.

அது போய்ச் சேர்ந்ததா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.