பிடித்திருக்கிறது, சரி. ஏன்?

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகப் பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக வத்தலக்குண்டு வந்துவிடும். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் மலையேறும் முன் காபி குடிக்க வண்டியை நிறுத்தும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் தெரியும். அந்த ஊர் தமிழ் உரைநடைக்கு மூன்று பேரைக் கொடுத்திருக்கிறது. 1893இல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' நாவலைத் தொடராக எழுதத் தொடங்கிய பி.ஆர். ராஜமய்யர், 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கான பத்திரிகையாக நடத்திக் காட்டிய பி.எஸ். ராமையா, 'எழுத்து' சிறுபத்திரிகையை நடத்திய சி.சு. செல்லப்பா. முதல் இருவரின் தலைப்பெழுத்தில் நிற்கிற 'பி', ஆங்கிலேயர் வாயில் பட்லகுண்டு ஆகிப்போன வத்தலக்குண்டுதான். செல்லப்பா வளர்ந்தது அங்கே.

மூவரில் செல்லப்பாவிடம்தான் எனக்கு ஒட்டுதல் அதிகம். ஒரு கதை பிடித்திருக்கிறது என்றால், கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த இடத்தில், எதனால் பிடித்தது என்று காட்டச் சொன்னவர் அவர். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் சிரமம் தெரியும்.

அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம். இருவரும் 1912இல் பிறந்தவர்கள். 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கியபோது க.நா.சு.வும் அதில் எழுதினார். ஆனால் ரசனை விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. நிறையப் படித்துத் தேர்ந்த ஒருவனின் ரசனையே அளவுகோல், அதை முழுக்க விளக்கிவிட முடியாது, நல்லதை நல்லது என்று சுட்டிக் காட்டினால் போதும் என்பது க.நா.சு.வின் போக்கு. 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டவர் அவர். அடிக்கடி பட்டியல் போட்டார். அவர் விட்டுவிட்ட பெயர்களுக்காகச் சண்டையும் நடந்தது. செல்லப்பாவுக்குப் பட்டியல் போதவில்லை. ஆங்கிலத் திறனாய்வு நூல்களைத் தேடிப் படித்தார். அலசல் என்று சொல்லிக்கொண்டு, வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார். அதை வறட்சி என்று சொன்னவர்கள் உண்டு. சில கட்டுரைகள் வறட்சிதான்.

க.நா.சு.வின் பட்டியலுக்கு நானும் கடன்பட்டவள். அது இல்லாவிட்டால் என் வயதுக்காரர்கள் பலர் நல்ல நாவல் எது என்று தெரியாமலே இருந்திருப்போம். ஆனால் பட்டியல் கதவைத் திறந்துவிட்டு நின்றுவிடும். உள்ளே கூட்டிக்கொண்டு போய், இந்தத் தூணைப் பார், இந்தச் சன்னலைப் பார் என்று காட்ட ஒருவர் வேண்டும். செல்லப்பா அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார். ராமையாவின் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்படித் தொடங்குகிறது, எப்படித் திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று தடிப் புத்தகமாகவே எழுதினார். 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்பது அதன் பெயர். ராமையாவை அவர் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் சில கதைகளில் அவர் சொல்லும் உயரம் தெரியவில்லை. ஆனால் அவரோடு மாறுபட என்னால் முடிகிறதே, அதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை. காரணம் சொன்னவரோடுதான் வாதாட முடியும். "எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்பவரிடம் என்ன பேசுவது?

எழுத்து பிரசுரம் போட்ட புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் செல்லப்பா. தனக்குப் பிடித்ததை அடுத்தவர் கையில் சேர்க்க வேண்டும் என்ற தவிப்பு அது. 1998இல் காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் முறையை அவர் கதைமேலேயே வைத்துப் பார்க்கிறேன். எனக்கு மிகப் பிடித்த தமிழ்க் கதை 'வாடிவாசல்'. நூலாக வந்தது 'எழுத்து' தொடங்கிய அதே 1959இல். நூறு பக்கம்கூட வராது. பெரியபட்டிச் சல்லிக்கட்டுக்கு பிச்சி என்ற இளைஞன் தன் மச்சினன் மருதனோடு வந்திருக்கிறான். பிச்சியின் அப்பன் அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரன். ஜமீன்தாரின் காரிக் காளை அவனைக் குத்திச் சாய்த்திருக்கிறது. மகன் அந்தக் காரியைத் தேடித்தான் வந்திருக்கிறான். கதை இவ்வளவுதான்.

ஏன் பிடிக்கிறது? முதலாவது, முடிவு வரும்வரை கதை, மாடு வெளியே வரும் திட்டிவாசலை விட்டு நகர்வதில்லை. பிச்சியின் வீட்டைக் காட்டுவதில்லை, ஊரைக் காட்டுவதில்லை, அவன் சின்ன வயதில் என்ன செய்தான் என்ற நினைவோட்டம் கிடையாது. தெரிய வேண்டியதெல்லாம் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பவர்களின் பேச்சிலேயே வந்துவிடுகிறது, அதிலும் பக்கத்தில் நிற்கும் ஒரு கிழவன் வாயிலிருந்து. கிழவன் பேசப் பேச நாமும் அணைமரத்தில் சாய்ந்து நிற்கிறோம். இரண்டாவது, காரி வருவதற்கு முன் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார் என்பது. வேறு மாடுகள் வருகின்றன, போகின்றன. பிச்சி பிடிக்கவும் செய்கிறான். ஒவ்வொரு மாட்டிலும் அவன் கைத்திறனை நாம் எடைபோட்டுக்கொள்கிறோம். அதனால் காரி வாடியில் தலை காட்டும்போது, எது எவ்வளவு கடினம் என்று நமக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, முடிவு. பிச்சி காரியை அடக்கிவிடுகிறான். சாதாரணக் கதையானால் அங்கே மேளம் கொட்டி முடிந்துவிடும். இங்கே தோற்ற மாடு வெறிபிடித்து ஆற்றுப் பக்கம் ஓடுகிறது. ஜமீன்தார் அதைச் சுட்டுக் கொல்கிறார். மனிதனுக்கு அது விளையாட்டு, மாட்டுக்கு அப்படி இல்லை. ஜமீன்தாருக்கோ அது மானம். மூன்றும் அந்த ஒரு பொழுதுக்குள் மோதி முடிகின்றன. கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் தை மாதம் வாடி திறக்கும்போது கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைப் படித்த பிறகு என் கண் வீரன்மேல் மட்டும் நிற்பதில்லை, மாட்டுக்காரர் முகத்துக்கும் போகிறது.

ரசனைக்குக் காரணம் கேட்கும் பழக்கம் சிறுபத்திரிகையோடு நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் திண்டுக்கல் அதைத் தெருவுக்கே கொண்டுவந்தது.

1990களில் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் காதுகுத்து வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்டது திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றக் கேசட்தான். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்னாளில், 2021இல், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவரானார். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் வளர்த்த பட்டிமன்றம் கம்பனையும் சிலம்பையும் எடைபோட்டது. லியோனி மேடையில் சினிமாப் பாட்டை வைத்தார். பழைய பாட்டா, புதிய பாட்டா? பேச்சாளர் ஒரு பாட்டை இரண்டு வரி பாடிக் காட்டுவார், நிறுத்துவார், இதில் கவிஞர் என்ன செய்திருக்கிறார் பாருங்கள் என்பார். எதிரணிக்காரர் எழுந்து இன்னொரு பாட்டைப் பாடுவார். பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் வேலை முடித்து வந்து கோயில் பொட்டலில் துண்டை விரித்து உட்கார்ந்தவர்கள், தினம் முணுமுணுக்கிற பாட்டுக்குள் இத்தனை விஷயம் இருக்கிறதா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் டீக்கடையில் அதே வாதம் தொடரும். தீர்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் புதிய பாட்டு என்று ஒதுக்கப்பட்டவற்றை இன்றைய பிள்ளைகள் பழைய பாட்டு என்று உருகிக் கேட்கிறார்கள். தீர்ப்பு காலாவதியாகிவிடும். அங்கே சொன்ன காரணங்கள் இன்னும் செல்லுபடியாகின்றன.

எனக்கு ஒரு குறை உண்டு. பட்டிமன்ற நகைச்சுவையில் பெண்களை மட்டம் தட்டும் இடங்கள் அன்றும் எனக்கு உவப்பில்லை, இன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழாசிரியர்களும் பேச்சாளர்களும் வளர்த்த கலை என்பதால் அங்கே பாட்டு என்றால் பாட்டின் வரிகள்தான். மெட்டுக்கும் வாத்தியத்துக்கும் பாடுகிறவர் குரலுக்கும் அந்த மேடையில் வக்கீல் இல்லை. பழைய பாட்டு ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரிகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இளையராஜாவின் பாதி வேலை கணக்கிலேயே வராது.

என்னையே கேட்டுக்கொள்கிறேன். 'ஜானி' படத்தின் கடைசியில் ஸ்ரீதேவி பாடும் பாட்டு எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? 1980இல் வந்த மகேந்திரன் படம். ரஜினிக்கு இரட்டை வேடம், ஸ்ரீதேவி மேடைப் பாடகி. காற்றும் மழையும் அடிக்கின்றன. கூட்டம் இல்லை. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால், வருவானா என்று தெரியாத ஒருவனுக்காக அவள் பாடுகிறாள். வரிகளைத் தனியாகத் தாளில் எழுதிப் பார்த்தால் மனதைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எஸ். ஜானகியின் குரல்தான் செய்கிறது. மேலே போகிற இடங்களில்கூட அவர் அழுகையைக் கலக்கவில்லை. கச்சேரியில் பாடுகிற சுத்தத்தோடு பாடுகிறார். அழக்கூடிய நேரத்தில் சுருதி பிசகாமல் பாடுகிற பெண் என்பதால்தான் அவளுக்காக நாம் கலங்குகிறோம். கைதட்டலுக்குப் பழகிய பாடகியை ஆளில்லாத அரங்கின் முன் நிறுத்தியது மகேந்திரனின் வேலை. குரலும் வெற்று நாற்காலியும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல தடவை கேட்க வேண்டியிருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் பாட்டின் சுவை குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். படம் பார்த்துவிட்டு வந்தால் "செம அத்தை" என்பான். என்னப்பா செம என்றால், "செமன்னா செமதான்." பத்துக்கு எட்டு, ஐந்துக்கு நாலரை என்று மதிப்பெண் மட்டும் தவறாமல் சொல்வான். இந்தத் தலைமுறைக்குக் காரணம் சொல்ல வராது என்று நினைப்பவர்கள் அவனிடம் அவன் ஆடும் பிஜிஎம்ஐ என்ற கைபேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். நான் கேட்டேன்.

"சுடுறது பெரிசில்ல அத்தை. ஹெட்செட்டுல காலடிச் சத்தம் கேக்கணும். புல்லு மேல நடந்தா ஒரு சத்தம், பலகை மேல நடந்தா வேற சத்தம். அதை வெச்சே எவன் எந்த ரூம்ல இருக்கான்னு சொல்லிரலாம். ஆடுற இடத்தோட வட்டம் சுருங்கிட்டே வரும்ல, கடைசியில சின்ன இடத்துக்குள்ள நாலஞ்சு பேருதான் மிச்சம். அப்ப ஒருத்தனும் அசைய மாட்டான். அந்த ரெண்டு நிமிசத்துக்காகத்தான் இருபது இருபத்தஞ்சு நிமிசம் ஆடுறது."

செல்லப்பா இதைக் கேட்டிருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து இன்னும் சொல்லச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஒலி எப்படி வேலை செய்கிறது, இடம் சுருங்கச் சுருங்கப் பதற்றம் எப்படி ஏறுகிறது, காக்க வைப்பது எதற்காக, எல்லாம் அவன் பேச்சில் இருந்தது. 'வாடிவாசல்' காரியைக் காட்டாமல் காக்க வைப்பதும் இதே வித்தைதான் என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் படித்துவிட்டான். "கிழவன் பேச்சு நல்லாருக்கு அத்தை. ஆனா காரியைச் சுட்டிருக்க வேணாம்" என்றான். ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "தோத்துட்டா கொன்னுருவாங்களா? அதுக்கு என்ன தெரியும்?" என்று கோபமாகக் கேட்டான். அன்றைக்கு அவன் மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை.

கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய பொருளைப் பற்றி யாருக்கும் பேச வரும். சினிமா விஷயத்தில் நாம் பிள்ளைகளிடம் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. படம் எப்படி என்கிறோம், நல்லாருக்கு என்கிறார்கள், பேச்சு அதோடு சரி. ஓடிடியில் மறு விநாடி அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. இரண்டு படங்களுக்கு நடுவே, இப்போது பார்த்ததில் எந்த இடம் மனதில் நின்றது என்று யோசிக்கக்கூட இடைவெளி இல்லை. நட்சத்திரக் குறி போடுவது அந்த யோசனையிலிருந்து நம்மைத் தப்பவிடுகிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த ஒரு படம், பாட்டு, புத்தகம், விளையாட்டு, எதுவானாலும் சரி, அதைப் பற்றிப் பத்து வரி எழுதி அனுப்புங்கள். சூப்பர், செம, அருமை என்ற மூன்று சொற்களும் அதில் வேண்டாம். ஏதாவது ஒரு இடத்தை, ஒரு காட்சியையோ ஒரு வரியையோ ஒரு ஒலியையோ எடுத்துக்கொண்டு அது உங்களை என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று சொல்லுங்கள். எதை எழுதுவது என்று தெரியாதவர்கள் 'வாடிவாசல்' வாங்கிப் படியுங்கள். காலச்சுவடு பதிப்பில் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால், ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.