கிழிந்த காதுக்குத் தையல்: வயது தடையல்ல



பாம்படம், தண்டட்டி ஆகிய காதணிகளை அணிந்த பாட்டிமார் பற்றிய கட்டுரை படித்தேன். கனத்த ஜிமிக்கியால் துளை நீண்டு, காது மடல் இரண்டாகப் பிளந்துவிடுவது இன்றும் பல வீடுகளில் உண்டு. அதைத் தைத்துச் சரிசெய்ய, 'பேரன் எடுத்த வயதில் இது எதற்கு?' என்று தயங்குபவர்களே அதிகம்.

உடல்நலத்துக்கு இந்த அறுவை சிகிச்சை அவசியமில்லைதான். உறுத்தலாகத் தோன்றாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் தோடு போட ஆசை இருந்தால் வயது தடையல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். பிளவின் ஓரங்களைத் தோல் மூடியிருப்பதால் வெறும் பசையால் ஒட்டினால் நிலைக்காது. அந்தத் தோலைச் சீவிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு ஆகியவற்றை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மீண்டும் காது குத்த இரண்டு மூன்று மாதமாவது பொறுப்பது நல்லது. அதுவும் தழும்பை விட்டுத் தள்ளி. ஜிமிக்கி போட்டே ஆக வேண்டுமென்றால், மாட்டல் போட்டுக் காது தாங்கும் எடையைக் குறையுங்கள்.

இளம்பெண்களும் இதைக் கவனித்தால் தையலுக்கே வேலை இராது.

- ஒரு வாசகி, தேனி