சந்திர மலையை அளந்த ஒளி போடி மலையையும் அளக்கட்டும்

விடியுமுன்னே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்கள் தூக்குச் சட்டியுடன் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்தபின் அதே வழியாக வீடு திரும்புகிறார்கள். காய் எடுக்கும் மாதங்களில் பெரும்பகுதி மழை மாதங்களே. மழை வலுத்தால் மண்ணும் பாறையும் சரிந்து பாதை அடைபடுவது போடி மக்களுக்குப் புதிய செய்தியல்ல. பாறை விழுந்த பிறகு அதை அகற்ற இயந்திரம் வருகிறது. விழுவதற்கு முன்பே ஆபத்தான சரிவை அடையாளம் காண வழியுண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இது வீண் பயமல்ல. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். 2024 ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் நேர்ந்த சரிவில் மாண்டவர்கள் இருநூறு பேருக்கும் மேல். இரண்டும் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நிகழ்ந்தவை.

மலையை ஒளியின் துணைகொண்டு அளப்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான வேலைதான். இந்தியாவின் மாபெரும் நில அளவைக்கு அடிக்கோடு போடப்பட்டது 1802-ம் ஆண்டில், சென்னைப் பரங்கிமலை அருகில். லாம்டன் என்ற அதிகாரி அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். 1808-ல் தஞ்சைக் கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. கோயில் மீதெல்லாம் அதை ஏற்றியதற்குக் காரணம் ஒன்றே: கண்ணுக்குத் தெரிவதைத்தான் அக்கருவி அளக்கும். மரம் மறைத்தால் வேலை நின்றுபோகும்.

ஏல மலையின் சிக்கலும் இதுதான். ஏலச் செடிக்கு நிழல் வேண்டும். ஆகவே ஓங்கிய மரங்களின் அடியிலேயே தோட்டம் இருக்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் பச்சை இலைப் பரப்புதான் விழும். அதன் கீழேயுள்ள பிளவும் ஓடையும் பழைய சரிவின் தழும்பும் தெரிவதில்லை.

இந்தத் திரையைக் கடந்து தரையைக் காட்ட வல்லது லேசர் ஒளி. 1960 மே 16-ந் தேதி அமெரிக்க விஞ்ஞானி மெய்மன், செயற்கைக் கெம்புக் கல்லைச் சுற்றிச் சுருள் வடிவப் பிளாஷ் விளக்கை வைத்து உலகின் முதல் லேசரை இயக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-ல், பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் நியோடிமியம் கலந்த 'யாக்' என்னும் படிகத்தில் லேசரை உண்டாக்கினர். உலோகத்தை வெட்டவும் கண் சிகிச்சை செய்யவும் தூரத்தை அளக்கவும் அது இன்றும் பயன்படுகிறது.

தூரத்தை அளக்க ஒளி இருந்தால் மட்டும் போதாது. கண்ணிமைப்பினும் மிகக் குறுகிய துடிப்பாக அது பாய வேண்டும். அதற்கு வழி கண்டவர் ஹெல்வார்த். 1961-ல் அவர் சொன்ன யோசனை மறு ஆண்டே செய்து காட்டப்பட்டது. தேனி மாவட்ட விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். அணையின் மதகை மூடி வைத்து, நீர் நிறைந்தபின் ஒரேயடியாகத் திறந்தால் வெள்ளம் எப்படிப் பாயும்? அதேபோல் படிகத்துக்குள் சக்தியைத் தேக்கி, ஒரு கணத்தில் திறந்துவிடுகிறார்கள்.

அந்தத் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. 150 மீட்டர் தொலைவிலுள்ள பாறையைத் தொட்டுத் திரும்ப, ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். விமானத்திலிருந்து லட்சக்கணக்கான துடிப்புகளை அனுப்பினால் பல இலையில் பட்டுத் திரும்பும். சில இலைகளின் இடைவெளி வழியே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பியவற்றைப் பிரித்துச் சேர்த்தால், மரங்களை நீக்கியதுபோல் மலையின் உருவம் தெரியும். ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

இத்தகைய கருவியைச் செய்யும் திறமை இந்நாட்டில் உண்டு. 2008 அக்டோபர் 22-ந் தேதி புறப்பட்ட சந்திரயான்-1 கலத்தில் நியோடிமியம்-யாக் லேசர் ஒன்று இருந்தது. அதை உருவாக்கியது பெங்களூரிலுள்ள இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடமே. சந்திரனுக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, விநாடிக்கு 10 துடிப்புகள் வீதம் அனுப்பி, அங்குள்ள மேடு பள்ளங்களை அது அளந்தது. திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி கிராமத்தில் பிறந்தவர். ஆளில்லாத சந்திரனின் மலையை அளந்த நாடு, ஆயிரக்கணக்கானோர் தினமும் ஏறி இறங்கும் மலையை அளக்க இயலாதென்று சொல்ல முடியுமா?

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்பதல்ல. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நாட்டின் சரிவு அபாயப் பகுதிகளை வரைபடமாக்கியது. 2024 முதல் நீலகிரிக்கு நாள்தோறும் முன்னறிவிப்பும் தரத் தொடங்கியது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் அந்தத் தேசிய வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவோ, ஒரு தொழிலாளர் குடியிருப்போ அதில் புள்ளியளவே.

லேசர் சகல ரோக நிவாரணி அல்ல. மழை எப்போது பெய்யும் என்று அது சொல்லாது. சரிவு நிகழும் நாளையும் குறித்துக் கொடுக்காது. மழைமானிகளும், அடைபடாத வடிகால்களும், எச்சரிக்கை கிடைத்ததும் ஜீப்புகளை நிறுத்தும் துணிவும் உடன் வேண்டும். செலவும் ஆகும். எனினும் அளந்து தடுக்கும் செலவு, இடிந்தபின் கொடுக்கும் நிவாரணத்தைவிடப் பெரிதாக இராது. போன உயிர்களுக்கோ நிவாரணம் ஏது?

ஆகவே தமிழ்நாடு, கேரள அரசுகள் இரண்டும் சேர்ந்து, போடிமெட்டுப் பாதையையும் அதற்கு அப்பாலுள்ள ஏல மலைச் சரிவுகளையும் லேசர் கொண்டு அளக்க வேண்டும். சரிவுக்கு மாநில எல்லை தெரியாது. அளந்ததோடு நில்லாமல், மழைக்காலந்தோறும் திரும்ப அளந்து என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். அந்த முடிவுகளை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காமல், ஊராட்சி அலுவலகத்திலும் ஜீப் நிற்குமிடத்திலும் தோட்டக் குடியிருப்பிலும் எளிய தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டி வைக்க வேண்டும். எந்த வளைவின் மேல் ஆபத்து இருக்கிறது என்பதை, அந்த வளைவில் தினமும் போகிறவர்கள் அறிந்திருப்பது நியாயம்.

அடுத்த மழைக்குமுன் இந்த வேலை தொடங்கட்டும்.