பட்டுப்புழுவுக்குள் புது மரபணு: அனுமதிக்கலாமா?

திருமுக்கூடல் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுப்பவர்கள் ஜரிகையைத் தேய்த்துப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள். நூல் கொடுத்த புழுவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தறி காஞ்சியில் ஓடினாலும் நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்துதான் வருகிறது. புழு வளர்ப்பவர்களுக்குப் பெரிய பயம், கிராசரி என்ற வைரஸ் நோய். புழு வீங்கி, தோல் கிழிந்து, பால் போல நீர் ஒழுகும். வந்த பிறகு மருந்து கிடையாது.

ஹைதராபாத்தின் சி.டி.எஃப்.டி. ஆய்வு மையத்தில் ஜே. நாகராஜு குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வைரஸின் 4 முக்கிய மரபணுக்களை முடக்கும் திறனைப் புழுவுக்குள்ளேயே வைத்தார்கள். ஆய்வு 2013-ல் வெளியானது.

எப்படி வைப்பது? செடியென்றால் கொஞ்சம் சுலபம். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா இயற்கையாகவே தன் மரபணுவைச் செடிக்குள் தள்ளும். நமக்கு வேண்டியதை அதில் ஏற்றிவிடலாம். இல்லையா, தங்கத் துகளில் டி.என்.ஏ.வைப் பூசி ‘ஜீன் கன்’னால் சுடலாம். ஒரு செல்லில் நுழைந்தால் போதும், அதிலிருந்தே முழுச் செடி வளரும். விலங்கில் அந்த வசதி இல்லை. எனவே பட்டுப்பூச்சி முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே ஓட்டில் துளையிட்டு, கண்ணாடி ஊசியால் டி.என்.ஏ.வைச் செலுத்தி, பசையால் அடைக்கிறார்கள். அதைக் குரோமோசோமில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ‘பிக்கிபேக்’ என்ற தாவும் மரபணு. அதுவும் ஓர் அந்துப்பூச்சியிடம் கிடைத்ததுதான்! பட்டுப்புழுவில் இது முடியும் என்று 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

என் கருத்து: அனுமதிக்கலாம். வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, மனிதர் இல்லாமல் காட்டில் பிழைக்காது. பருத்தி மகரந்தம் போல பக்கத்து வயலுக்குப் போகிற கதை இங்கே இல்லை.

ஆனால், ‘பட்டு என்ன சாப்பாடா?’ என்று சிலர் கேட்பதை நான் ஏற்கவில்லை. கூட்டை வேகவைத்து நூல் எடுத்ததும் மிஞ்சும் கூட்டுப்புழு, மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. அந்த மீனும் கோழியும் நம் தட்டுக்குத்தானே வரும்? ஆகவே நூலை மட்டுமல்ல, கூட்டுப்புழுவையும் சோதிக்க வேண்டும். முடிவுகளை விவசாயிக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும்.

இன்னொன்று விலை. 2002-ல் வந்த பி.டி. பருத்தியில் விதை கம்பெனிகள் கைக்குப் போனது. இந்தப் புழுவை உருவாக்கியது அரசு ஆய்வு மையம், நம் வரிப்பணம். முட்டையும் அரசு முட்டை வித்தகங்கள் வழியாகவே வளர்ப்பவர் கைக்கு வரட்டும்.