இசைத்தட்டுக்கு லட்சம் கொட்டும் கனவான்களே!

"அனலாக் ஒலிதான் அசல்" என்று டர்ன்டேபிளுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் முழுக்க அனலாக் என்றுதான் ரசிகர்கள் நம்பினார்கள். பலவற்றில் நடுவே டிஜிட்டல் பிரதி இருந்தது 2022ல் அம்பலமானது. அதுவரை உங்கள் தங்கக் காதுகள் என்ன செய்துகொண்டிருந்தன?

16 பிட் சிடியே 96 டெசிபல் வீச்சு தரும். இசைத்தட்டு 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம். போதாததற்கு ஊசி உரச உரசத் தட்டு தேயும். ஆறுமுகநேரி உப்பளக் காற்றில் பூட்டே துருப்பிடிக்கிறது, கார்ட்ரிட்ஜ் எம்மாத்திரம்?

ஸ்ட்ரீமிங்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அது வாடகை வீடு. 2024ல் ஏர்டெல் விங்க் மியூசிக்கை இழுத்து மூடியதே, மறந்துவிட்டதா?

என் கட்சி இதுதான். காசை ஸ்பீக்கரில் போடுங்கள், ஒலியில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வரும். பிடித்த பாட்டை சிடியாகவோ கோப்பாகவோ சொந்தமாக வாங்கி வையுங்கள். கோயில் கொடைக்குப் பாடிய பழைய தட்டு ஏதாவது மைக் செட் கடை மூலையில் கிடந்து, அந்தப் பாட்டு டிஜிட்டலில் வராமலும் இருந்தால், அதைப் பிரதியெடுக்க ஒரு சாதாரண பிளேயர் போதும். லட்சம் எதற்கு?