கார்டை மாற்ற முன் காரணத்தைத் தேடுங்கள்



அண்மையில் இஷாத் தொழுகை முடிந்து வரும்போது ஒரு வாப்பா என்னை மறித்தார். "சேர், மகன் கேம் விளையாடி யூடியூபில லைவ் போடுறான். லைவ் போட்டா பத்து நிமிசத்துல கம்பியூட்டர் தானா ஓஃப் ஆகி ஓன் ஆகுது. கிராபிக்ஸ் கார்ட் பழுதாம், புதுசு போடணும் எண்டு கடையில சொல்றாங்க. சீட்டுக் காசு வரட்டும் எண்டு இருக்கன்" என்றார்.

பக்கத்தில் நின்றவர், "அது பழுதானதே நல்லம்" என்று சிரித்தார்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் கேம் விளையாடலாம் என்பது பேச வேண்டிய விடயம்தான். அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று என் கவலை, காரணம் தெரியாமல் காசைக் கொட்டும் நமது பழக்கம் பற்றியது.

மகனிடம் கேட்டேன். "கேம் மட்டும் விளையாடினா ஒண்டும் இல்ல சேர். லைவ் போட்டாத்தான் பிரச்சினை" என்றான். அந்த ஒரு வசனத்தில்தான் துப்பு இருக்கிறது. லைவ் போடும்போது கம்பியூட்டர் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பக்கம் கேமை ஓட்ட வேண்டும். மறுபக்கம் அதே காட்சியை வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். புரொசசரும் கார்டும் ஒன்றாக உழைக்கும்போது சூடும் கூடும், கரண்ட் இழுப்பதும் கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். முதலில் லைவ் போகாமல் ஓ.பி.எஸ்.இல் ரெக்கோர்ட் மட்டும் செய்தான். அப்போதும் ஓஃப் ஆனது. ஆகவே இன்டர்நெட்டில் குற்றமில்லை. பெட்டியைத் திறந்து தூசு தட்டி, சுவரோடு ஒட்டியிருந்ததை வெளியே இழுத்து வைத்து, சூட்டை அளந்தான். சூடு அளவோடுதான் இருந்தது, ஆனாலும் ஓஃப் ஆனது. புரொசசருக்குத் தனியாகச் சுமை கொடுத்தான், நின்றது. கார்டுக்குத் தனியாகக் கொடுத்தான், அதுவும் நின்றது. இரண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்ததும் நீலத்திரை கூட வராமல் பொட்டென்று அணைந்தது. கூட்டாளியின் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டினான். இரண்டு இரவு லைவ் போட்டான். அல்ஹம்துலில்லாஹ், ஒரு தடவையும் அணையவில்லை. கார்ட் நல்லாகவே இருக்கிறது. புது பவர் சப்ளைக்குப் போனது கார்டின் விலையில் சிறு பங்குதான்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கேர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு வரும். கம்பியூட்டர் முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதைக் காட்டி எந்தச் சாமானையும் உங்கள் தலையில் கட்ட இடம் கொடுக்காதீர்கள். கம்பியூட்டர் அணையாமல் கேம் மட்டும் மூடிக்கொண்டால் டிரைவரையும் மென்பொருளையும் முதலில் பாருங்கள். நீலத்திரை வந்தால் அதிலுள்ள குறியீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பவர் சப்ளையை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

உலகத்தில் பெரிய பெரிய ஆட்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை புரொசசர்கள் சிலவற்றில் கேம் நின்று, 'வீடியோ மெமரி போதாது' என்று செய்தி வந்தது. பலர் கார்டைச் சந்தேகித்தார்கள். குற்றம் புரொசசருக்குப் போன அதிக வோல்டேஜில் இருந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் விட்டு, உத்தரவாதத்தையும் 2 வருடம் நீட்டியது. திரையில் வரும் செய்தியைக் கூட அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை "பழுது" என்று வந்தால், ஏசவும் வேண்டாம், உடனே காசு கொடுக்கவும் வேண்டாம். "எப்ப நடக்குது? எதை மாத்திப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனை என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை அந்தப் பிள்ளை மூன்று இரவில் கையால் செய்து முடித்துவிட்டான்.

கடைக்காரச் சகோதரர்களே, சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றச் சொல்லாதீர்கள். அந்த வாப்பாவின் சீட்டுக் காசும் ஒரு அமானிதம்தான்.